சீலா எந்த மீன், சூறாவளி எவ்வளவு காற்று: ராமநாதபுரக் கரையின் பேச்சும் எழுத்தும்

"மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்." சென்னையிலிருந்து வரும் வானிலை அறிக்கையில் இப்படி ஒரு வரி அடிக்கடி இருக்கும். இதில் உள்ள 'சூறாவளி' புயல் அல்ல. விட்டுவிட்டு வேகமெடுத்து அடிக்கும் பலத்த காற்றைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். சுழன்று நகரும் பெருங்காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகே இந்திய அறிக்கைகளில் 'புயல்' என்ற பெயரைப் பெறும்.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரை இலங்கையின் தலைமன்னார். இடையில் உள்ள தூரம் சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கரையின் அரசுத் தமிழில் 'சூறாவளி' என்றாலே புயல். நாம் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்பதை அவர்கள் 'தாழமுக்கம்' என்பார்கள். ராமேசுவரத்துப் படகில் இரண்டு கரை ரேடியோவும் எடுக்கும். ஒரே சொல்லை இரண்டு நிலையங்களும் சொன்னால், ஒன்றில் அது இன்று கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை, மற்றதில் படகை மேட்டில் ஏற்றிக் கட்டு என்ற எச்சரிக்கை. அகராதியைப் புரட்டினால் 'சுழல்காற்று' என்று இருக்கும். அதைக்கொண்டு 50 கிலோமீட்டரா, 100 கிலோமீட்டரா என்று முடிவெடுக்க முடியாது.

இங்கே பொருள் சொல்லுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. எந்த வரிசையில் அந்தச் சொல் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதே அதன் பொருள். இந்திய வரிசை இது: காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழ் இருந்தால் தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல். 'பகுதி', 'மண்டலம்' இரண்டும் எழுத்துத் தமிழில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே இடத்தைக் குறிப்பவை. அறிக்கையில் மட்டும் அவை இரண்டு படிகள். இரைச்சலில் ரேடியோ கேட்பவர் காதில் 'தாழ்வு' மட்டும் விழுந்தால் எந்தப் படி என்றே தெரியாது. போதாததற்கு, தாழ்வு என்றால் குறைவு என்றுதான் பேச்சுத் தமிழ் சொல்லும். வலுக்கூடுவதைச் சொல்ல 'தாழ்வு ஆழ்ந்தது' என்று எழுதும் மொழியைக் கேட்பவர்மீது குற்றம் சொல்ல முடியாது.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரியது. பாம்பன் துறைமுகத்தில் "மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாக" என்றால் ஊர் முழுக்கப் புரியும் என்றுதான் தோன்றும். ஆனால் 1 முதல் 11 வரையுள்ள எண்கள் காய்ச்சல் மானிபோல் சீராக ஏறுபவை அல்ல. 1, 2 இரண்டும் தொலைகடலில் உள்ளதைப் பற்றியவை: முதலாவது அங்கே தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்பது, இரண்டாவது அங்கே புயலே உருவாகியிருக்கிறது என்பது. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. புறப்படும் கப்பல்களுக்கான செய்தி. 3, 4 இரண்டும் உள்ளூருக்கானவை. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த தரைக்காற்று எதிர்பார்க்கப்படுகிறது. அதாவது 2-ஆம் கூண்டின்போது தூரத்தில் ஒரு முழுப் புயல் இருக்கலாம். 3-ஆம் கூண்டின்போது புயலே இல்லாமலும் இருக்கலாம்.

5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. வேறுபாடு திசையில். புயல் நகரும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்றும் பெரும் ஆபத்து நிலையில் 8, 9, 10 என்று திரும்ப வரும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. "அஞ்சு ஆறாயிருச்சு, கூடிக்கிட்டே போகுது" என்று பேசினால் தவறு. மாறியது புயலின் பக்கம். நம் வட அரைக்கோளத்தில் நகரும் புயலின் வலப்பக்கத்தில்தான் காற்று வழக்கமாக மிகுதி என்பதால் அந்த மாற்றமும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. செய்தித்தாள்கள் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டு, எண் எதைச் சொல்கிறது என்பதை விட்டுவிடுவதே இந்தக் குழப்பத்துக்கு முதல் காரணம்.

நான்கு காற்று, இரண்டு கடல்

நிகண்டுகளும் பழைய உரைகளும் சொல்லும் நான்கு காற்று: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. இவற்றில் வாடையும் கொண்டலும் கடற்கரையில் இன்றும் தொழிற்சொற்கள். தென்றல் கவிதையோடும் மேடையோடும் போய்விட்டது. கடலில் தெற்கத்திக் காற்றுக்குச் சோழகம் என்று பெயர். கோடை வெயில்காலமாகிவிட்டது, மேற்குக் காற்று இங்கே கச்சான். பாக் விரிகுடாவின் இரு கரைகளிலும் கச்சான் என்றால் காற்று புரியும். ஆனால் இலங்கைத் தமிழில் கச்சான் நிலக்கடலையும்கூட. 'கச்சான் காலம்' என்று எழுதினால் அந்தக் கரையில் சிலருக்குக் கடலை அறுவடை நினைவுக்கு வரலாம்.

சோழகம் என்ற சொல்லைப் பார்த்ததும் 'சோழ நாட்டுக் காற்று' என்று பிரித்துப் பொருள் சொல்ல ஆசை வரும். சோழநாடு ராமநாதபுரத்துக்கு வடக்கே இருக்கிறது. சோழகமோ தெற்கிலிருந்து வருகிறது. சொல்லின் தோற்றத்தை மட்டும் பார்த்து வேர் சொல்கிறவர்கள் முதலில் திசைகாட்டியைப் பார்க்க வேண்டும்.

வாடையின் கதை வேறு. ஊருக்குள் 'வாடை அடிக்குது' என்றால் நாற்றம். அகத்திணைப் பாடலில் வாடை பிரிந்தவளை வாட்டும் குளிர்காற்று. கடற்கரையில் "வாடை பிடிச்சிருச்சு" என்றால், வடக்குக் கரையில் தொழில் குறையப் போகிறது என்று அர்த்தம். அக்டோபருக்குப் பின் வடகிழக்குக் காற்று வலுக்கும்போது பாக் விரிகுடா கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா ஒப்பளவில் அடங்கியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குக் காற்றில் நிலைமை தலைகீழ். ஆகவே ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் இருப்பவர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல்கள். பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். கோயில் வழக்கில் இவை மகோததி, ரத்னாகரம். அடங்கிய வடகடல் பெண், அடங்காத தென்கடல் ஆண் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது ஆடியில் பொருந்தும், கார்த்திகையில் பொருந்தாது.

எழுத்துத் தமிழ் இந்த வடகடலுக்கு 'பாக் ஜலசந்தி', 'பாக் நீரிணை' என்று மாற்றி மாற்றிப் பெயர் தருகிறது. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரால் வந்தவை இவை. நீரிணை என்பது இரண்டு பெரிய நீர்ப்பரப்பை இணைக்கும் குறுகிய வாய். அது கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, வடக்கே இருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம், ராமேசுவரம் வடகரை எல்லாம் அதற்குத் தெற்கே, விரிகுடாவுக்குள். 'பாக் நீரிணையில் மீனவர் படகு பழுது' என்று செய்தி வந்தால் தேட வேண்டிய இடம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளிப்போகக் கூடும். வடகடல் என்றாலோ, சொல்பவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்று தெரிந்தால்தான் பயன். எழுத்து இடத்தைத் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். பேச்சுக்கு அந்தச் சுமை இல்லை, பேசுகிறவர் கண்முன்னே இருக்கிறார்.

நீரோட்டத்துக்குக் கரையில் நீவாடு என்று பெயர். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது சோநீவாடு. வாடையின் பக்கத்திலிருந்து வருவது, சோழகத்தின் பக்கத்திலிருந்து வருவது என்ற கணக்கு. காற்றுக்கும் நீருக்கும் ஒரே முறை: எங்கிருந்து வருகிறதோ அதுவே பெயர். கடலியல் அறிக்கையில் முறை மாறும். காற்றை 'எங்கிருந்து' என்று சொல்லும் அதே அறிக்கை, நீரோட்டத்தை 'எதை நோக்கி' என்று சொல்லும். அறிக்கையில் தெற்கு என்று போட்ட நீரோட்டம் கரைக்காரருக்கு வாநீவாடு. 'தெற்கு நீரோட்டம்' என்று மொழிபெயர்த்து அறிவிப்புப் பலகையில் எழுதினால் பாதிப்பேர் சோநீவாடு என்று எடுத்துக்கொண்டு வலையை எதிர்ப்பக்கம் இறக்குவார்கள். 'தெற்கு நோக்கி ஓடும்' என்று வினையோடு எழுதினால் தீர்ந்தது.

'கடல் உள்வாங்கியது'

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தத் தலைப்புக்கு ஒரு தனி அச்சம் ஒட்டிக்கொண்டது. ராமேசுவரத்திலும் பாம்பனிலும் தண்ணீர் பின்வாங்கி, படகுகள் தரைதட்டிக் கிடக்கும் படத்தோடு இப்படிச் செய்தி வரும். கரையில் இதற்கு இருக்கும் பேச்சு மிகச் சாதாரணமானது: "தண்ணி வத்துது." திரும்பி வந்தால் "தண்ணி ஏறுது."

நடப்பது என்ன? இந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே உயர வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் வடகடலின் அடித்தரை மிக மெதுவாகச் சரிகிறது. 200 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் சரியும் தரையில் தண்ணீர் அரை மீட்டர் இறங்கினாலே 100 மீட்டர் நிலம் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கம் கூடும். தெற்கிலிருந்து காற்று அடித்து, வடக்குப் பார்த்த கரையிலிருந்து நீரைத் தள்ளினால் இன்னும் கூடும். இந்த வற்று மணிக்கணக்கில் மெல்ல நடக்கும். சுனாமிக்கு முன் நீர் விலகினால் அது சில நிமிடங்களில், வழக்கமான வற்றுக்கோட்டையும் தாண்டி விலகும்.

'உள்வாங்கியது' என்ற வினையில் கடல் தானே ஏதோ செய்ததுபோல் ஒரு தொனி இருக்கிறது. 'வத்துது' என்பதில் அது இல்லை. அது கிணறும் கண்மாயும் செய்வதுதான். பொருள் ஒன்றே என்றாலும் தொனி வேறு, தொனியால் செயல் வேறு: 'வத்துது' என்று கேட்டவர் நங்கூரக் கயிற்றைத் தளர்த்துவார், 'உள்வாங்கியது' என்று கேட்டவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவார். உண்மையிலேயே ஓட வேண்டிய நாளில் 'உள்வாங்கியது' என்ற சொல் தேய்ந்துபோய்க் கிடக்கும் என்பதே கவலை.

தட்டில் வரும் மீனும் தாளில் வரும் மீனும்

சென்னையில் வஞ்சிரம் என்று விற்பதை ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் சீலா என்பார்கள். கன்னியாகுமரிப் பக்கம் அது நெய்மீன். சென்னையிலும் சீலா இருக்கிறது, ஆனால் அங்கே அந்தப் பெயர் நீண்ட தாடையும் கூர்ப்பல்லும் கொண்ட வேறு மீனுக்கு. அந்த மீன் இங்கே ஊளி. விலையில் இரண்டுக்கும் எட்டாத இடைவெளி. மண்டபத்திலிருந்து 'சீலா' என்று பில் போட்டு அனுப்பினால், சென்னையில் பெட்டியைத் திறக்காமல் பில்லை மட்டும் பார்ப்பவர் ஊளி விலைதான் சொல்வார். இங்கே யாரும் பிழை செய்யவில்லை. இரண்டு ஊரும் தத்தம் ஊர்ப்பொருளில் சரியாகத்தான் பேசுகின்றன. ஊர்ப்பெயரோடு விலங்கியல் பெயரையும் எழுதுவது ஒரு வழி. அதைவிட எளிய வழி 'சீலா (வஞ்சிரம்)' என்று இரண்டு ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதுவது.

சட்டத்தின் முன் இந்த இடைவெளிக்கு விலை இன்னும் கூடுதல். வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை இனம் இனமாகப் பிரித்துச் சொல்கிறது. கரையின் 'திருக்கை' பல இனங்களுக்கு ஒரே சொல். 'வேளா' என்றால் ரம்ப மூக்குள்ள மீன் என்று எல்லாருக்கும் தெரியும், அது முழுத் தடையில் இருக்கிறது. ஆனால் அறிவிப்பில் 'ரம்ப மீன்' என்று எழுதினால் வேளா என்று எல்லாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. அரசு எழுத்தில் 'கடற்பசு' என்பது வலைக்காரர் வாயில் ஆவுளியா. 2022-இல் பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோது 'கடற்பசு' செய்திகளில் பரவியது. வலையில் சிக்கியதை விடுவிக்கச் சொல்லும் சுவரொட்டியில் ஆவுளியா என்ற பெயர் பெரிய எழுத்தில் இருப்பதே முறை. ஆமைகளுக்குக் கரைப்பெயர்கள் தெளிவானவை: பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை. அவை சுவரொட்டியிலும் அப்படியே வரலாம், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பாசிப் பெயர்கள் தனிச் சுவை. மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசிகளில் ஒன்று மரிக்கொழுந்து. மதுரையில் தலையில் வைக்கும் மரிக்கொழுந்துக்கும் இதற்கும் இலைநுனித் தோற்றம் தவிர உறவு இல்லை. இது அகர் எடுக்கப் பயன்படும் செம்பாசி. இன்னொன்று கஞ்சிப்பாசி, வேகவைத்தால் கஞ்சிபோல் இறுகுவது. பழுப்பு நிறத்தில் படர்வது கட்டக்கோரை. நிலத்துப் பூவும் கோரையும் அடுப்படியும் தந்த பெயர்கள் இவை. கடலுக்கு அடியில் உள்ளதைப் பார்த்தவர்கள் தரையில் கண்டதைக்கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்ந்தது பெப்சிப் பாசி. காப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை 2000-ஆம் ஆண்டுவாக்கில் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். நிறுவனம் பிறகு விலகிக்கொண்டது, பெயர் விலகவில்லை. ஒரு சொல் பிறந்த ஆண்டும் காரணமும் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம்.

தொழிலைச் சுற்றிய சொற்களில் 'பாடு' ஒன்றை மட்டும் சொல்லலாம். ஊருக்குள் பாடு என்றால் துன்பம். கரையில் "பாடு எப்படி?" என்றால் கிடைத்த மீன் எவ்வளவு என்ற கேள்வி. செய்தியாளர் இதை 'மீன்வரத்து' என்று மாற்றுகிறார். வரத்து சந்தைக்கு வந்து சேர்வது, பாடு கடலில் கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் பாடு இல்லை, ஆனால் வெளியூர் மீனால் சந்தையில் வரத்து இருக்கும்.

பேச்சை எழுத்தில் ஏற்றும்போது

பேச்சில் 'ற்ற' எல்லாம் 'த்த' ஆகும்: காற்று காத்து, வற்று வத்து, ஏற்றம் ஏத்தம். எழுதுகிறவர் இதைத் திருப்பிப்போடும்போது தவறு நேரும். 'வத்து' என்பது வற்றுதான். அதற்காக வத்தை என்ற படகு வற்றை ஆகாது. தென்பக்கப் பேச்சில் ழகரம் ளகரமாகும். சோழகம் சோளகமாகி அப்படியே அச்சேறிவிடும். படகு வகையான வள்ளம், நாளிதழ்களில் 'ஃபைபர் வல்லம்' என்றே நிலைத்துவிட்டது. அகராதியில் தேடுபவருக்கு அந்த எழுத்தில் படகு எளிதில் கிடைக்காது, ஊர்ப்பெயர் போன்ற வேறு பொருள்கள்தான் முன்னே வரும். இவ்வளவு பரவிய பின் வல்லத்தைப் பிழை என்று அடிப்பதில் பயன் இல்லை. இரண்டு எழுத்திலும் தேடினால் கிடைக்கும்படி அகராதி மாறினால் போதும்.

மறுபக்கம், 'கொச்சை' என்று ஒதுக்கப்படுவதில் பாதி பழந்தமிழ். கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். 'மீனாணம்' என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார். ஆணம் அகராதியில் இருக்கும் நல்ல தமிழ்ச்சொல். 'சாப்பிட்டாச்சா' என்பதற்குப் 'பசியாறியாச்சா' என்று கேட்பதும் அப்படியே. அதே அடுப்படியில் தொதல் என்ற இனிப்பின் பெயர் மலாய்க் கடல்வழி வந்த சொல். எது வேர்விட்டது, எது வந்தது என்பதை ஒலியைக் கேட்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

இத்தகைய சொற்களைத் திரட்டுகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது முதல் கேள்வியில். கடலடி மேட்டைக் குறிக்கும் சொல்லைப் பற்றி 'பார் என்றால் என்ன அர்த்தம்?' என்று கேட்டால் கேட்கப்பட்டவர் தன் சொல்லைவிட்டு உங்கள் எழுத்துத் தமிழில் பதில் தேடுவார். 'பாறைதான்' என்பார், குறிப்பு கெட்டது. 'எப்போ பாருன்னு சொல்லுவீக?' என்று கேட்க வேண்டும். பொருளையோ படத்தையோ காட்டி, பெயரைச் சொல்லாமல், அவரைச் சொல்லவிட வேண்டும். கேட்ட வாக்கியத்தை முழுதாக, கேட்ட ஒலியிலேயே ஒரு வரி. எழுத்துத் தமிழில் அடுத்த வரி. ஊர், எந்தக் கடல், என்ன வலை, வயது, ஆணா பெண்ணா என்பவை கட்டாயம். பாசிப் பெயர்களைப் பெண்களிடமும் காற்றுப் பெயர்களைக் கடலுக்குப் போகிறவர்களிடமும் கேட்பதே சரி. பிறகு அதே சொல்லை அடுத்த கடற்கரையில், தென்கடலில் கேட்டது என்றால் வடகடலில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அளவுச் சொல் வந்தால் அளக்கும் கையையும் பார்க்க வேண்டும். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி, 1.8 மீட்டர், பத்துப் பாகத் தண்ணீர் 18 மீட்டர் ஆழம். கயிற்றை அளப்பவர் உயரத்துக்கு ஏற்ப அது கூடிக் குறையும். அகராதியில் பாகத்துக்கு முதலில் வருவது பங்கு.

'பார்' என்ற பதிவு முடிந்த பிறகு இப்படி இருந்தால் போதும்:

பார் (பேச்சில் பாரு). கடலடியில் கல்லும் பவளமும் நிறைந்த மேட்டுத்தரை. மீன் கூடும் இடம். "பாரு மேல வலை விழுந்தா கிழிஞ்சுரும்." சேற்றுத்தரை, மணல்தரைக்கு எதிர்ச்சொல். சேர்க்கை: முத்துப்பார், சங்குப்பார். உலகு என்ற பொருள் தரும் பாரோடும், காண் என்ற பொருள் தரும் பாரோடும் குழப்ப வேண்டாம். செய்தித் தமிழின் பவளப்பாறை இதில் ஒரு வகையை மட்டுமே குறிக்கும்.